வெள்ளைப் பக்கம் உள்ளே

வாசகர் கடிதம்

அன்புள்ள அண்ணா,

ஸ்காபரோவிலிருந்து எழுதுகிறேன். உங்கள் பக்கத்தை ஐந்தாறு வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. மகள் ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் 'கனடாவின் அடையாளங்கள்' என்று ஒரு செயற்திட்டம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அடையாளம் கொடுத்திருக்கிறார்கள். இவளுக்குக் கனூ என்ற தோணி வந்திருக்கிறது. ஐந்து நிமிடம் பேச வேண்டும், ஒரு மாதிரியும் செய்துகொண்டு போக வேண்டும்.

மூன்று சந்தேகங்கள். கனூ என்ற சொல்லே தமிழ்தான், எங்கள் கட்டுமரம்தான் அங்கே போய்க் கனூவாக மாறியது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. அப்பாவின் ஊர் வல்வெட்டித்துறை. வாசித்தபோது பெருமையாக இருந்தது. மகளின் பேச்சில் அதைச் சேர்க்கலாமா? இரண்டாவது, வெறும் ஒரு மரத்தைக் குடைந்து செய்த வள்ளத்துக்கு ஒரு நாடு ஏன் இவ்வளவு மரியாதை கொடுக்கிறது? பீவரும் மேப்பிள் இலையும் விளங்குகிறது, இது விளங்கவில்லை. மூன்றாவது, நாங்கள் வந்து குடியேறியவர்கள். பூர்வகுடிகளின் பொருளை 'எங்கள் அடையாளம்' என்று பிள்ளை சொன்னால் அது சரியாக இருக்குமா?

மாதிரியை அட்டையில் வெட்டி, குளூ கன்னால் ஒட்டி, சிவப்புப் பெயின்ட் அடித்து, பக்கத்தில் ஒரு மேப்பிள் இலை ஒட்டலாம் என்று மனைவி சொல்கிறா. இரண்டு கிழமைதான் இருக்கிறது.

அன்புடன்,
ஒரு வாசகர்

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

வாட்ஸ்அப் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கனூ தமிழ்ச் சொல் இல்லை. கரீபியத் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்கள் தங்கள் ஓடத்தைக் 'கனோவா' என்றார்கள். 1492-இல் கொலம்பஸின் ஆட்கள் அங்கே இறங்கியபோது அந்தச் சொல் ஸ்பானிய மொழிக்குள் ஏறியது. பிறகு பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் போனது. அடுத்த சில தலைமுறைகளுக்குள் நோயும் அடிமை வேலையும் தைனோக்களில் பெரும்பாலோரைக் கொன்று தீர்த்தன. அவர்கள் உலகத்துக்கு விட்டுப்போன கொஞ்சம் சொற்களில் ஒன்று இது. அதையும் பறித்து நம் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டுமா? மூன்றாவது கேள்வியில் பூர்வகுடிகளின் பொருளை எடுத்துக்கொள்ளலாமா என்று கூசுகிறீர்கள். முதல் கேள்வியில் கூசாமல் எடுத்துக்கொள்கிறீர்கள்.

நமக்குச் சொந்தமானது கட்டுமரம். ஆங்கிலேயரின் 'கேட்டமரான்' அதிலிருந்து வந்தது. ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-இல் தன் பயண நூலில் அதை அச்சேற்றினார். ஆனால் கட்டுமரமும் கனூவும் இரண்டு வேறு எண்ணங்கள். கட்டுமரம் தண்ணீரைத் தடுப்பதில்லை. அலை மேலேறும், மரங்களின் இடுக்கு வழியே இறங்கிப்போகும். மரமே மிதப்பதால் கவலை கிடையாது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயப்போடுவார்கள். கனூவோ ஒரு மெல்லிய தோலை வைத்துத் தண்ணீரை வெளியே நிறுத்துகிறது. உள்ளே வந்துவிட்டால் கதை முடிந்தது. ஒன்றிலிருந்து மற்றது பிறக்க வழியே இல்லை. பெருமைப்பட வல்வெட்டித்துறையில் உண்மையே போதிய அளவு இருக்கிறது. அங்கே கட்டிய 'அன்னபூரணி' பாய்மரக் கப்பல் 1938-இல் அட்லாண்டிக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. அந்தக் கதையை மகளுக்குச் சொல்லுங்கள். கனூ பற்றிய பேச்சில் வேண்டாம், இரவுச் சாப்பாட்டின்போது சொல்லுங்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். "வெறும் ஒரு மரத்தைக் குடைந்து செய்த வள்ளம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'வெறும்' என்னை மூன்று நாளாகத் தூங்கவிடவில்லை. கொஞ்சகாலமாகவே இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்: ஒரு பொருள் அடையாளமானவுடன், அது எப்படிச் செய்யப்படுகிறது என்பது ஏன் எல்லோருக்கும் மறந்துபோகிறது? பழைய டாலர் நாணயத்தில், சட்டையில், குளிர்பெட்டியில் ஒட்டும் காந்தத்தில் கனூவின் கோட்டுருவம் இருக்கிறது. இரண்டு முனை உயர்ந்த ஒரு வளைகோடு. அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் 'குடைந்த மரம்' என்று எழுதுகிறீர்கள். உங்கள் மேல் கோபம் இருக்கிறது. கோட்டை மட்டும் காட்டி வளர்த்தவர்கள் மேல் அதைவிடக் கோபம்.

நாணயத்தில் இருக்கும் கனூ குடைந்ததே அல்ல. அது தைத்தது. உடம்பு முழுக்க மரப்பட்டை. அதில் ஓர் ஆணி கிடையாது, அடியில் நீளவாக்கில் ஓடும் ஏரா மரம் கிடையாது.

பட்டை தருவது பர்ச் மரம். சொல்லாராய்ச்சியில் ஆசை இருக்கிறவர்களுக்கு உண்மையான ஓர் உறவு இங்கே இருக்கிறது: ஆங்கிலத்தின் 'பர்ச்'சும் சமஸ்கிருதத்தின் 'பூர்ஜ'மும் ஒரே வேரிலிருந்து வந்தவை. இமயமலைப் பக்கம் ஏடெழுதிய பூர்ஜ பத்திரம் இதே குடும்பத்து மரத்தின் பட்டைதான். ஏட்டுக்கு உதவிய அதே குணங்கள்தான் தோணிக்கும் உதவுகின்றன: நீர் ஊறாது, எளிதில் மக்காது, காய்ந்தாலும் சுருங்குவது குறைவு. காட்டில் விழுந்த பர்ச் மரத்தின் உள்மரம் உளுத்துத் தூளான பிறகும் பட்டைக்குழல் அப்படியே கிடக்கும்.

எல்லாப் பர்ச் மரமும் ஆகாது. நேராக நிற்க வேண்டும். கீழிருந்து நெடுந்தூரம் கிளை இருக்கக் கூடாது. பட்டை ஏறத்தாழ 3 மில்லிமீட்டராவது தடிப்பாக இருக்க வேண்டும். பட்டையில் கிடையாக ஓடும் சிறு கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். அவை மரத்தின் மூச்சுத் துளைகள். அந்தக் கோடு நீளமாகவும் புடைப்பாகவும் இருந்தால் அங்கேயே கிழியும். மரத்தை வெட்டும் முன் ஒரு சிறு துண்டை உரித்து முன்னும் பின்னும் மடக்கிப் பார்ப்பார்கள். ஏடு ஏடாகப் பிரிந்துவந்தால் அந்த மரத்தை விட்டுவிட வேண்டியதுதான். ஜூன் கடைசியிலும் ஜூலைத் தொடக்கத்திலும் சாறு ஓடும் வெயில் நாளில் பட்டை தானாகக் கழன்று வரும். குளிர்காலத்துப் பட்டைக்கு வெந்நீர் ஊற்ற வேண்டும். ஆனால் அதுதான் உறுதியானது. அதன் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் கரும்பழுப்புப் படலத்தைச் சுரண்டி ஓவியமும் போடலாம். பழைய தோணிகளில் காணும் மீனும் நட்சத்திரமும் இலையும் அப்படிச் சுரண்டியவை.

இப்போது எல்லோரும் தவறாக வரையும் இடம். பர்ச் பட்டை வெளியே வெள்ளை, உள்ளே தோல்நிறம். படம் வரைகிற பிள்ளைகள் எல்லாரும் வெள்ளைத் தோணி வரைகிறார்கள். தோணியில் வெள்ளைப் பக்கம் உள்ளே போகிறது. மரத்தை ஒட்டியிருந்த தோல்நிறப் பக்கம்தான் தண்ணீரைத் தொடுகிறது. காரணம் இருக்கிறது. உரித்த பர்ச் பட்டையைச் சும்மா வைத்துப் பாருங்கள், மரத்தில் இருந்ததற்கு நேர்மாறாக, வெள்ளை உள்ளே வருமாறு சுருளும். அது சுருள விரும்பும் திசையிலேயே தோணி வளைகிறது. தவிர, வெள்ளைப் பக்கம் காகிதம்போல் ஏடு ஏடாக உரிந்துகொண்டே இருக்கும். அதைப் பாறைக்கும் தண்ணீருக்கும் காட்டினால் தாங்காது.

தரையைச் சமமாக்கி, கல் பொறுக்கிவிட்டு, பட்டையை வெள்ளை மேலே தெரிய விரிக்கிறார்கள். மேலே தோணியின் அடிவடிவத்தில் ஒரு சட்டம், அதன்மேல் பாரத்துக்குக் கற்கள். சட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பட்டையை மேல்நோக்கி நிமிர்த்தினால் சுருக்கம் விழும். துணி தைக்கிறவர்களுக்கு இது தெரியும்: வளைவுக்குக் கொத்துவெட்டு வெட்டாவிட்டால் துணி உட்காராது. அதேபோல விளிம்பிலிருந்து சட்டம்வரை அங்கங்கே கீறுகிறார்கள். வெந்நீர் ஊற்றி இளக்கி, பட்டையை நிமிர்த்தி, இரு பக்கமும் முளையடித்து நிறுத்துகிறார்கள். நடுவில் அகலம் போதாத இடத்தில் பக்கத்துண்டு சேர்த்துத் தைக்க வேண்டும். நீளவாக்கில் இரண்டு துண்டு சேரும் இடத்தில் மேலே படியும் விளிம்பு தோணியின் பின்பக்கம் பார்க்க இருக்க வேண்டும். முன்பக்கம் பார்த்தால் தண்ணீரும் கல்லும் அந்த விளிம்பைப் பிடித்துக் கிழிக்கும்.

தைக்கும் நூல் ஸ்ப்ரூஸ் மரத்தின் வேர். பென்சில் பருமன், பாசி படர்ந்த ஈரமண்ணிலும் மணலிலும் மேலாகவே நெடுந்தூரம் ஓடும். தோண்டி இழுத்து, தோல் உரித்து, நடுவே இரண்டாகப் பிளந்து, தண்ணீரில் போட்டு வைக்கிறார்கள். ஒரு தோணிக்கு நூற்றுக்கணக்கான அடி வேர் வேண்டும். காய்ந்த வேரால் தைத்தால் முடிச்சுப் போடும்போதே முறியும். ஈரத்தில் தைத்தால் காய்ந்ததும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். துளைபோடக் குத்தூசி, பழைய நாளில் எலும்பில் செய்தது. துளைகளை ஒரே நேர்கோட்டில் போட்டால் தபால்தலைத் தாள்போல அந்தக் கோட்டிலேயே பட்டை கிழியும். அதனால் ஒன்று விளிம்புக்கு அருகில், அடுத்தது கொஞ்சம் தள்ளி.

உள்ளே வருவது செடார் மரம். அறுக்கக் கூடாது, பிளக்க வேண்டும். ரம்பம் நாரைக் குறுக்கே வெட்டிவிடும். வெட்டுப்பட்ட நார் வளைக்கும்போது சரியாக அந்த இடத்தில் முறியும். பிளக்கும்போது எப்போதும் சரிபாதியாக, பிறகு அந்தப் பாதியைச் சரிபாதியாக என்று போக வேண்டும். பிளவு ஒரு பக்கமாக ஓடத் தொடங்கினால் தடித்த பக்கத்தை அதிகம் வளைத்து இழுக்க வேண்டும், பிளவு நடுவுக்குத் திரும்பிவிடும். இப்படி இரண்டு அங்குல அகலத்தில் ஏறத்தாழ 40 விலாச் சட்டங்கள். நம் படகு கட்டுபவர்கள் வங்கு என்பது இதைத்தான். இவற்றை ஊறவைத்து, கொதிநீர் ஊற்றி, இரண்டிரண்டாகச் சேர்த்து முழங்காலில் வைத்து வளைத்து, தோணிக்குள்ளேயே நிறுத்திக் காயவிடுகிறார்கள். காய்ந்ததும் வெளியே எடுத்து, பட்டைமேல் மெல்லிய செடார்ச் சீவல்களை ஒன்றன்மேல் ஒன்று படியப் பரப்பி, பிறகு விலாக்களைத் திரும்ப உள்ளே வைக்கிறார்கள். இரண்டு முனையிலிருந்தும் நடுவை நோக்கி, மரச் சுத்தியால் மெதுவாகத் தட்டித் தட்டி நிமிர்த்துகிறார்கள்.

சீவல்களுக்குப் பசை கிடையாது. விலா உள்ளிருந்து சீவலை அழுத்துகிறது; சீவல் பட்டையை அழுத்துகிறது; பட்டை தோணியின் மேல்விளிம்பில் நீள ஓடும் கட்டைகளில் வேரால் கட்டப்பட்டிருப்பதால் திரும்ப இழுக்கிறது. அந்த இழுபறி ஒன்றுதான் தோணிக்கு உருவம். விலா கொஞ்சம் குட்டையாக இருந்தால் தோணி தொளதொளவென்று சீவல் நழுவும். கொஞ்சம் நீளமாக இருக்க, அவசரப்பட்டு ஒரே நாளில் அடித்து நிமிர்த்தினால் பட்டை பிளந்துவிடும், ஒரு மாத வேலை வீண். ஆகவே கொஞ்சம் தட்டி, வெந்நீர் ஊற்றி, ஒரு நாள் விட்டு, மறுபடி தட்டுகிறார்கள். இதற்கு அளவுகோல் கிடையாது. தட்டுகிறவர் சத்தத்தையும் கையில் தெரியும் எதிர்ப்பையும் வைத்து நிறுத்துகிறார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே வளர்ந்தால் ஒழிய இது வராது. இந்த வரியை நினைவில் வையுங்கள், திரும்ப வருவேன்.

கடைசியில் பிசின். நம் கரையில் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் படகுக்குப் பூசுகிறோமே, அதற்குச் சமமானது. ஸ்ப்ரூஸ் மரத்தின் காயத்தில் வடியும் பிசினை உருக்கி, பட்டைத்தூசும் பூச்சியும் வடிகட்டி, கொஞ்சம் விலங்குக் கொழுப்பும் பொடித்த கரியும் சேர்க்கிறார்கள். எவ்வளவு கொழுப்பு என்று யாரும் எண்ணில் சொல்ல முடியாது. பிசின் மரத்துக்கு மரம் மாறும், காலத்துக்குக் காலம் மாறும். சோதனைதான் அளவு. ஒரு பட்டைத் துண்டில் பூசிக் குளிர்ந்த நீரில் முக்கி மடக்கு. விரிசல் விட்டால் கொழுப்பு போதவில்லை. இறுகிய பிறகும் விரலில் ஒட்டினால் கொழுப்பு கூடிவிட்டது, பிசினைக் கூட்டு. குளிர்நாளுக்குச் செய்த கலவை வெயிலில் ஒழுகும், வெயிலுக்குச் செய்தது குளிரில் வெடிக்கும். எல்லாத் தையலிலும், எல்லாக் கீறலிலும், பட்டையின் ஒவ்வொரு முடிச்சுக்கண்ணிலும் இதைப் பூசினால்தான் தோணி தோணி. அதுவரை அது தைத்த கூடை.

பூசியதும் முடிந்ததா என்றால் இல்லை. தினமும் பூச வேண்டும். விலங்குத்தோல் வியாபாரம் நடந்த காலத்தில் மான்ட்ரியால் வணிகர்களின் பெரிய சரக்குக் கனூ 36 அடி நீளம், மூன்று டன் அளவுக்குச் சரக்கு ஏற்றும். மூட்டை ஒவ்வொன்றும் 90 பவுண்டு. அருவி வந்தால் மூட்டைகளையும் தோணியையும் சுமந்து கரைவழியே கடக்க வேண்டும்; கிராண்ட் போர்ட்டேஜ் என்ற ஒரு நடைவழி மட்டும் எட்டரை மைல். அப்படிப்பட்ட தோணியைக் கரையில் மோதவிட மாட்டார்கள். முழங்கால் அளவு தண்ணீரில் நிறுத்தி, ஆட்கள் இறங்கி, மிதக்கும்போதே சரக்கை இறக்குவார்கள். மோதினால் பிசின் வெடிக்கும். மாலை முகாமில் தோணியைக் கவிழ்த்து, தையல் தையலாகப் பார்த்து, விட்டுப்போன இடத்தில் சூடான பிசின் வைத்த பிறகுதான் தூக்கம். பட்டைச் சுருள், வேர்க்கட்டு, பிசின் மூன்றும் எல்லாத் தோணியிலும் கூடவே போகும். தீர்ந்தால் காட்டிலேயே கிடைக்கும். ஓட்டையான தோணியை அது வந்த காட்டின் ஓரத்திலேயே நிறுத்திச் சரிசெய்துகொள்ள முடிந்ததால்தான் அந்தக் கண்டத்தின் ஆறுகள் அத்தனையும் வழியாயின. ஐரோப்பியன் கொண்டுவந்த பலகைப் படகை அருவிக்கரையில் தூக்க முடியவில்லை. அவன் தன் படகை விட்டுவிட்டு இதில் ஏறினான்.

இந்தத் தோணி ஒன்றல்ல என்பதையும் மகள் சொல்லட்டும். கடல் அலையில் போகும் மிக்மாக் மக்களின் தோணிக்கு நடுவிளிம்பு உயர்ந்திருக்கும், பக்கவாட்டு அலை உள்ளே விழாதிருக்க. ஹோடினோஷோனி (இரோகுவாய்) மக்கள் எல்ம் மரப்பட்டையில் செய்தார்கள், கனமானது, முரடானது. மேற்குக் கரையில்தான் நீங்கள் சொன்ன குடைந்த மரம். அங்கேயும் 'வெறும்' கிடையாது. ஹைடா மக்கள் ஒரே செடார் மரத்தைக் குடைகிறார்கள். பக்கச்சுவர் எங்கே எவ்வளவு தடிப்பு என்று தெரிய, வெளியிலிருந்து சிறு துளைகள் போட்டு அளந்து வெட்டிய குச்சிகளை அடித்துவிடுவார்கள்; உள்ளே செதுக்கும்போது குச்சி முனை தெரிந்தால் அங்கே நிறுத்து. பிறகு உள்ளே தண்ணீர் நிரப்பி, நெருப்பில் காய்ந்த கற்களைப் போட்டுக் கொதிக்கவைத்து, மரம் இளகும்போது சுவர்களை அகட்டுகிறார்கள். குடைந்த மரத்தைவிட அகலமான தோணி வெளியே வருகிறது. ஓரிடம் காய்ந்து போயிருந்தால் அங்கே 'படார்' என்று பிளக்கும்.

சரி, அடையாளம். அரசுச் சட்டப்படி பார்த்தால் கனூ கனடாவின் அதிகாரப்பூர்வச் சின்னமே அல்ல. பீவர் 1975-இலும் மேப்பிள் மரம் 1996-இலும் அந்த இடத்தைப் பெற்றன. 2007-இல் சி.பி.சி. ஒலிபரப்பு நிறுவனம் நாட்டின் ஏழு அதிசயங்களைத் தேர்ந்தபோது கனூவும் அதில் வந்தது, நயாகராவுக்குப் பக்கத்தில். நாணயத்தில் அதற்கு முன்பே இருந்தது. எமானுவேல் ஹான் வடித்த 1935-ஆம் ஆண்டு வெள்ளி டாலரில் ஒரு பிரெஞ்சுப் படகோட்டியும் ஒரு பூர்வகுடி மனிதரும் துடுப்பு வலிக்கிறார்கள், நடுவில் மூட்டைகள், மூட்டையில் தோல் வியாபாரம் செய்த ஹட்சன் பே கம்பெனியின் எழுத்துகள். இரண்டு ஆட்களுக்கும் பெயர் இல்லை, சரக்குக்கு மட்டும் முதலாளி பெயர் இருக்கிறது. 1986-இல் புதிய டாலர் நாணயத்துக்கு அதே படத்தின் அச்சுகளை ஒட்டாவாவிலிருந்து வின்னிபெக்குக்கு அனுப்பியபோது வழியில் தொலைந்துபோயின. அச்சு கள்ளனிடம் போயிருக்கலாம் என்று பயந்து படத்தையே மாற்றினார்கள். 1987-இல் உங்கள் கைக்கு வந்த 'லூனி'யில் கனூ இருந்த இடத்தில் லூன் பறவை நீந்துகிறது.

தொலைந்த அச்சைப் பற்றி எல்லோரும் ரசித்துச் சொல்வார்கள். தொலைந்த கைகளைப் பற்றிச் சொல்ல ஆளில்லை. பக்கத்தில் நின்று பார்த்து வளர்ந்தால் ஒழிய வராது என்று மேலே எழுதினேன். கனடா முழுதும் ஏறத்தாழ 1,50,000 பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்தார்கள். கடைசிப் பள்ளி 1990-களில்தான் மூடியது. அங்கே தாய்மொழி பேசினால் அடி. பட்டை கழலும் ஜூன் மாதத்துக் காட்டில் தாத்தாவோடு நிற்க வேண்டிய பிள்ளை, கத்தி பிடிக்க வேண்டிய பிள்ளை, வரிசையில் நின்று வேறொரு மொழியில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது. வெள்ளி டாலர் அச்சான வருடங்களும் இந்தப் பள்ளிகள் நிரம்பி வழிந்த வருடங்களும் ஒன்றுதான். ஒரு கை தோணியின் படத்தை நாணயத்தில் ஏற்றியது, மறு கை தோணி கட்டும் பிள்ளையைத் தூக்கிப் போனது. அப்படியும் அந்தக் கலை முற்றாக அறுந்துபோகாததற்குச் சிலர் காரணம். கிட்டிகன் சீபி என்ற ஊரின் அல்கோன்குவின் பூர்வகுடி மூத்தவர் வில்லியம் கமாண்டா, 1913-இல் பிறந்து 2011-இல் மறைந்தவர், பட்டைத் தோணி கட்டிக்கொண்டே இருந்தார், சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். மேற்கில் ஹைடா சிற்பி பில் ரீட் 1986-இல் வான்கூவர் எக்ஸ்போ உலகக் கண்காட்சிக்காக 'லூட்டாஸ்' என்ற ஐம்பதடித் தோணியைச் செதுக்குவித்தார். வாஷிங்டனிலுள்ள கனடியத் தூதரகத்துக்கு அவர் செய்துகொண்டிருந்த வெண்கலத் தோணியை, ஹைடா மண்ணில் மரம் வெட்டுவதை எதிர்த்து 1987-இல் பாதியில் நிறுத்தினார். காட்டை வெட்டிக்கொண்டு காட்டின் மக்களை வைத்துத் தூதரகத்தை அலங்கரிக்காதே என்பதுதான் அதன் பொருள். 1991-இல்தான் அது அங்கே நின்றது. பிறகு இருபது டாலர் நோட்டிலும் ஏறியது.

உங்கள் மூன்றாவது கேள்விக்குச் சுருக்கமாக. ஹோடினோஷோனிகளிடம் கிளிஞ்சல்மணி கோத்துப் பின்னிய ஒரு பட்டி உண்டு. வெள்ளைப் பரப்பில் இரண்டு ஊதா வரிசைகள். ஒன்று வந்தவர்களின் கப்பல், மற்றது அவர்களின் கனூ. ஒரே ஆற்றில் பக்கம் பக்கமாகப் போகும், ஒன்றின் சுக்கானை மற்றது பிடிக்காது. டச்சுக்காரர்களோடு செய்த உடன்பாட்டின் நினைவு அது. அதன்படி நீங்களும் உங்கள் மகளும் கப்பல் வரிசையில் இருக்கிறீர்கள். அதில் குறைவு ஒன்றுமில்லை. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழரை அங்குள்ள மீனவர்கள் கரைசேர்த்தார்கள். உங்கள் வரிசைக்கு உங்கள் படகுகளும் இருக்கின்றன. 'எங்கள் அடையாளம்' என்று சொல்ல வேண்டாம். 'அனிஷினாபே மக்கள் ஜீமான் என்று சொல்வது' என்று தொடங்கட்டும். கேட்கிற பிள்ளைகளில் யாராவது ஒருவருக்கு அது தாய்மொழியாக இருக்கலாம்.

மாதிரிக்கு வருவோம், இரண்டு கிழமைதான் இருக்கிறது. குளூ கன்னை எடுத்து உள்ளே வையுங்கள். சிவப்புப் பெயின்டும் வேண்டாம். மனைவியிடம் கோபிக்க வேண்டாம்; கடையில் தொங்கும் கனூ எல்லாம் சிவப்பாகத்தான் இருக்கிறது, அவர் என்ன செய்வார்? மாதிரி செய்வதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். எட்வின் டாப்பன் ஆட்னி என்பவர் 1880-களின் இறுதியில் நியூபிரன்ஸ்விக்கில் வொலஸ்டகி என்ற பூர்வகுடியைச் சேர்ந்த ஒரு தோணிக்காரரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, வாழ்நாள் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட தோணிகளை ஐந்தில் ஒரு பங்கு அளவில், அசல் பட்டையிலேயே செய்து வைத்தார். பல வகைகள் இன்று நமக்குத் தெரிவதே அவர் செய்த மாதிரிகளாலும் எழுதிய குறிப்புகளாலும்தான்.

உங்கள் மகளுக்குப் பத்தில் ஒரு பங்கு போதும். 15 அடித் தோணி 18 அங்குலமாகும். பர்ச் பட்டை கைவினைப் பொருள் கடையில் கிடைத்தால் நல்லது. விழுந்து கிடக்கும் மரத்தில் இருந்தால் அதைவிட நல்லது. பூங்காவில் நிற்கும் மரத்தில் கைவைக்காதீர்கள், சுற்றிவர ஆழமாக உரித்தால் மரம் சாகும். பட்டை கிடைக்காவிட்டால் ஒருபக்கம் வெள்ளை, மறுபக்கம் பழுப்பாக இருக்கும் தடித்த அட்டையை இரண்டு பக்கமும் உருக்கிய மெழுகு தடவிப் பயன்படுத்தலாம். வெள்ளை உள்ளே. விளிம்பிலிருந்து பக்கத்துக்கு நான்கு கீறல், வெதுவெதுப்பாக்கி நிமிர்த்தி, துணி உலர்த்தும் கிளிப் போட்டு நிறுத்துங்கள். தைக்க மெழுகு பூசிய தடித்த நூல், துளைகள் ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாக. விலாவுக்கு ஐந்து மில்லிமீட்டர் அகல மூங்கில் சீவலை இரவு முழுக்க ஊறவைத்து வளைக்கலாம். நாற்பது செய்ய நேரம் இல்லாவிட்டால் பதினைந்து. பசை வைக்காமல் அழுத்தத்திலேயே நிற்கவிடுங்கள். நழுவினால் அரை சென்டிமீட்டர் நீளமாக இன்னொன்று வெட்டச் சொல்லுங்கள், அதைச் செய்யும்போது அவளுக்கே எல்லாம் விளங்கிவிடும்.

பிசினுக்குத் தேன்மெழுகு, சில சொட்டு எண்ணெய், ஒரு சிட்டிகை கரிப்பொடி. அடுப்பு வேலையை நீங்கள் செய்யுங்கள், நேரடித் தீயில் வேண்டாம், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து உருக்குங்கள். கலவை சரியா என்ற சோதனையை மட்டும் அவள் செய்யட்டும்: துண்டு அட்டையில் பூசி, குளிர்நீரில் முக்கி, மடக்கு. பிறகு தோணியைத் தொட்டியில் மிதக்கவிடுங்கள். நிச்சயம் ஓரிடத்தில் கசியும். எந்தத் துளை என்று அவளே தேடிக் கண்டுபிடித்து, எடுத்துத் துடைத்து, அந்த இடத்தில் ஒரு விரல் மெழுகு வைக்கட்டும். பேசப் போகும் நாளில் மிச்சமிருக்கும் மெழுகுக் கிண்ணத்தையும் தோணிக்குள் வைத்துக் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்.